விண்வெளி வீரனுக்குப் பச்சை ஊடை

ஆரணி கொசப்பாளையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் வம்பு வளர்க்கலாம், பரிமளாவிடம் மட்டும் கூடாது. எட்டுத் தறி ஓடுகிற கூடத்துக்குச் சொந்தக்காரி. பி.காம். படித்தவள். ஒருவர் மேல் கோபம் வந்தால் அதை ஊறுகாய் போல ஜாடியில் போட்டு மூடிவைத்து, வருஷம் கழித்துத் திறந்தாலும் காரம் குறையாமல் எடுத்துப் பரிமாறுகிறவள். அப்படிப்பட்டவளின் வாசலில் அன்றைக்குக் காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் உதயா.

பரிமளா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடியும் கீரையைப் பார்த்தாள்.

"வான்னு சொல்ல மாட்டியா?" என்றாள் உதயா.

"வந்துதான் நிக்கிறியே. இனிமே நான் சொல்லி இன்னா ஆவப்போவுது."

இருவரும் ஆரணியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே பெஞ்சு என்றதும் சிநேகிதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பரிமளா தறிக்கூடத்து முதலாளியின் மகள். உதயா பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய அம்மா தேவகி அதே கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே பாய்கிற நாடாக் கட்டைக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றிச் சுற்றி அடுக்கும் வேலை, தறிக்கூடத்தில் கடைசிக் கூலிக்காரியின் வேலை. பரிமளா உதயாவை வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'தார்க்காரி' என்பாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். உதயாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பரிமளா அன்றைக்கே கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

தார்க்காரி மெட்ராசுக்குப் போய் ஆடை வடிவமைப்புப் படித்து, சினிமாவில் நுழைந்து, 'வியாழன் வாசல்' என்ற விண்வெளிப் படத்துக்கு உடை வடிவமைப்பாளர் ஆனாள். தமிழில் விண்வெளிப் படமா என்று நக்கலடித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்படி அந்தப் படம் ஓடியது. அதில் வீரர்கள் போட்டிருந்த சாம்பல் பட்டும் வெள்ளி ஜரிகையும் கலந்த உடைத் துணி மொத்தமும் பரிமளாவின் கூடத்தில் நெய்தது. "படத்துல உன் பேரு வரும்" என்று உதயா அப்போது சொல்லியிருந்தாள். பரிமளா அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிற ஆளா? தெரு முழுக்கச் சொன்னாள். படவேடு கோயிலில் ரேணுகாம்பாளிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

படம் வந்த வாரத்து அமாவாசை, தறிக்கு லீவு. பரிமளா தன் செலவில் தெருவையே தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனாள். படம் முடிந்து பேர்கள் ஓடத் தொடங்கியதும், எழுந்தவர்களை எல்லாம் அதட்டி உட்கார வைத்தாள். ஓடியது, ஓடியது, டிபன் கொடுத்தவன் பேர், ஜெனரேட்டர்க்காரன் பேர், நாய் கொண்டுவந்தவன் பேர் எல்லாம் ஓடியது. திரை வெள்ளையானது. கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். பரிமளா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயப்பட்டறை ரங்கசாமி அப்போது சொன்னார்: "அடுத்த ஷோவுல வரும்போலக் கீது, பரிமளா. வெயிட் பண்ணி பாத்துட்டு வா."

அன்றைக்குப் பிடித்தது சனி. கரண்ட் பில் வந்தால், "இதுல உன் பேரு வந்துச்சு பாரு" என்பார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், "பேரைக் கரெக்டா போட்டிருக்கோம்க்கா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குவார்கள். இது போதாதென்று உதயா டி.வி.யில் வந்து, "அந்தத் துணியை நாங்க ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணி லேப்ல உருவாக்கினோம்" என்று பேசினாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போல இருந்தது பரிமளாவுக்கு. ரிமோட்டைச் சுவரில் அடித்தாள். அவள் கணவர் பலராமன் புது ரிமோட் வாங்கி வந்தார். எதுவும் பேசவில்லை, அவருக்குப் பிழைக்கத் தெரியும்.

இப்போது அதே உதயா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ரெண்டாம் பாகம் எடுக்கறாங்க. எல்லாமே புதுசு" என்று சொல்லித் தன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

முதல் படத்துக் கப்பல் அரிசி மில் பாய்லருக்கு றெக்கை கட்டியது போல இருந்தது. இது வேறு. ஒரு தெரு நீளம், கன்னங்கரேல் என்று, ஜன்னலே இல்லாமல். மேல்தோல் முழுக்க மீன் செதில் அடுக்கியது போலத் தகடுகள். கப்பல் திரும்பும்போது ஒவ்வொரு தகடும் எழுந்து அடங்குமாம். துப்பாக்கியும் போய்விட்டது. அதற்குப் பதில் ஒளியைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கும் ஒரு தடி. மணிக்கட்டில் ஒரு கண்ணாடிப் பட்டை, தட்டினால் காற்றில் வரைபடம் விரியும்.

"அப்பளம் திருப்பற குச்சி மாதிரி கீது" என்றாள் பரிமளா, தடியைப் பார்த்து. ஆனால் கப்பலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"இதெல்லாம் வெற்றிச்செல்வன்னு ஒருத்தரு பண்றாரு. புதுசா வந்திருக்கிற புரொடக்‌ஷன் டிசைனர். அவருக்குக் கப்பல்தான் ஹீரோ. டிரஸ்ஸு கண்ணுலயே படக்கூடாதாம். இருட்டோட இருட்டா இருக்கணுமாம். போன படத்துல டிரஸ்ஸைத்தான் எல்லாரும் பேசினாங்க இல்ல, அது அவரு வயித்துல எரியுது." உதயா டேப்லெட்டை மூடினாள். "இந்த டெஸ்ட் ஷூட்டுல டிரஸ்ஸு சொதப்பினா என்னைத் தூக்கிட்டு அவரு ஆளைப் போட்டுடுவாரு. அதனாலதான் உன்கிட்ட வந்தேன். உன் கூடத்துல தப்பு நடக்காது."

பரிமளா முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த வசனங்கள் தொண்டையில் வரிசையாக நின்றன. அதற்குள் உதயா அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"கறுநீலம். பாவும் அதே, ஊடையும் அதே. நம்ம ஊரு பழக்கத்துல பாவு ஒரு கலரு ஊடை ஒரு கலருன்னு போட்டுடாத. முக்கியமா பச்சை. ஒரு இழை கூட இருக்கக்கூடாது. பச்சைத் திரைக்கு முன்னாடி நிக்கவெச்சு எடுப்பாங்க. கம்ப்யூட்டரு பச்சையா இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டு அங்க ஆகாசத்தை வெச்சிடும். டிரஸ்ஸுல பச்சை இருந்தா ஹீரோ உடம்பே காணாமப் போயிடும். அவ்ளோதான், என் கதை முடிஞ்சிடும்."

பரிமளாவின் கை கீரைக்காம்பில் நின்றது.

"என் பேரு வருமா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்றாள் உதயா. அதைச் சொல்லும்போது அவள் கண் டேப்லெட்டில்தான் இருந்தது.

'பாக்கலாம்' என்றாளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பரிமளா அந்த வேலையை ஒத்துக்கொண்டாள்.

துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஆரணிப் புடவையின் மினுக்கு முழுக்க இந்த இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுப்பதில் இருக்கிறது. நேராகப் பார்த்தால் பாவின் நிறம். மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பிலிருந்து ஊடையின் நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் இந்த ஊரில் பிறந்த பிள்ளை எதுவானாலும் ஒரு துணியைக் கையில் கொடுத்தால் முதலில் மடித்து, வாசல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் காட்டித்தான் பார்க்கும். சோற்றை வாயில் வைக்க யாரும் சொல்லித் தருவதில்லை, இதுவும் அப்படித்தான்.

பரிமளா கறுநீலப் பாவை மிக நெருக்கமாக ஓட்டச் சொன்னாள். நெருக்கமாக இருந்தால் ஊடை அடியில் அமுங்கிவிடும். ஹீரோவுக்கான துணியை நானே நெய்கிறேன் என்று கூடத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் இருந்த பழைய தறியில் தானே உட்கார்ந்தாள். தாரையும் தானே சுற்றினாள். கிளிப் பச்சை. எல்லா இழையிலும் போடவில்லை. நாலு இழை நீலம், ஒரு இழை பச்சை. நெஞ்சுக்கு வருகிற இடத்தில் மட்டும் ஒன்று விட்டு ஒன்று.

பலராமன் ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்தவர், கூடையில் கிடந்த பச்சைத் தாரைப் பார்த்துவிட்டார். "இன்னா பரிமளா இது. பச்சை வேணாம்னுதானே சொல்லிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு."

"அந்தப் பொண்ணு என் பேரையும் வேணாம்னுதான் சொல்லிட்டுப் போச்சு."

"அதுக்கு வேலையில வெஷம் வெக்கலாமா? உங்கப்பா இருந்தா ஒத்துக்குவாரா?"

"எங்கப்பாவை அந்தத் தியேட்டர்ல நாலு பேரு பாத்து சிரிக்கல. என்னைச் சிரிச்சாங்க." அவள் நாடாவை எறிந்துகொண்டே பேசினாள். "ஊரு முன்னால என்னை ஒண்ணுமில்லாம பண்ணா இல்ல, அவ ஆளுங்க முன்னால அவ ஒண்ணுமில்லாம நிக்கட்டும். சாப்பாட்டை இங்கயே கொண்டாங்க."

பலராமன் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பரிமளா தன் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாகத் தறியில் உட்கார்ந்ததில்லை. வெறுப்பு அவளுக்குக் கால் கையெல்லாம் புது பலம் கொடுத்தது. துணியும் அப்படி வந்தது. ஒரு முடிச்சு இல்லை, ஒரு இழை தளர்வு இல்லை.

துணியை வாங்க உதயாவே வந்தாள். பரிமளா அதை மேஜை மேல் விரித்தாள். டியூப் லைட்டுக்கு அடியில் கறுநீலம் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. உதயா உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஒரு தரம் நெடுகத் தடவினாள். நெஞ்சுப் பக்கம் வந்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு துணியைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டாள்.

மடித்துப் பார்க்கவில்லை.

மெட்ராஸ் போனதும் துணி பார்க்கவே மறந்துவிட்டாள் முண்டம், என்று பரிமளாவுக்கு உள்ளுக்குள் பொங்கியது. இவளா வடிவமைப்பாளர், இவளுக்கா டி.வி.யில் நாற்காலி?

"டெஸ்ட் ஷூட்டுக்கு நீயும் வாயேன். கார் அனுப்பறேன்" என்றாள் உதயா, வாசலில் நின்று.

"வரேன். கண்டிப்பா வரேன்" என்றாள் பரிமளா. அவள் வாயிலிருந்து உதயாவுக்கு மரியாதையாக வந்த முதல் பதில் அதுதான்.

ஸ்டுடியோ பூந்தமல்லி தாண்டி இருந்தது. உள்ளே நுழைந்ததும் பரிமளா அந்தக் கப்பலைப் பார்த்தாள். முழுக் கப்பல் இல்லை. வாசலும் கொஞ்சம் வயிறும். செதில் செதிலாகக் கறுப்புத் தகடு, கூரை வரைக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் பிளைவுட்டும் சவுக்குக் கட்டையும். கப்பலுக்கு எதிரே சுவர் முழுக்கப் பச்சைத் திரை, தார்ப்பாய் போல இழுத்துக் கட்டியிருந்தது. வெற்றிச்செல்வன் தாடியைத் தடவிக்கொண்டு, தகடுகள் ஒழுங்காக எழுகின்றனவா என்று திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதயாவைப் பார்த்ததும், "டிரஸ் அடக்கமா இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார். உதயா தலையாட்டினாள்.

ஹீரோ வந்தான். பரிமளா நெய்த துணி அவன் உடம்பில் தைத்து ஒட்டியிருந்தது. கையில் அந்த அப்பளக் குச்சி. பெரிய விளக்குகளைப் போட்டார்கள். கத்திரி வெயில் போல அடித்தது. டைரக்டர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பச்சைத் திரை இருந்த இடத்தில் மானிட்டருக்குள் கறுப்பு ஆகாயமும் நட்சத்திரங்களும் தெரிந்தன. பரிமளா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நடங்க" என்றார் டைரக்டர்.

ஹீரோ நடந்தான். முதல் அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவது அடியில் கையை வீசியதும், தோளில் விழுந்த மடிப்பில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. திரும்பினான்; நெஞ்சே இல்லை. நெஞ்சு இருந்த இடத்தில் ஆகாயம் கலங்கிக் கலங்கி ஓடியது. மூச்சு விட்டான், நெஞ்சு வந்தது. மூச்சு இழுத்தான், போனது. கழுத்துக்கு மேலே தலை, இடுப்புக்குக் கீழே கால், நடுவில் நட்சத்திரக் கூட்டம்.

டைரக்டர் நாற்காலியை மானிட்டருக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"துணியில பச்சை இருக்கு சார்" என்றார் வெற்றிச்செல்வன். அவர் குரலில் துக்கமே இல்லை. "இது பேசிக் விஷயம். இதுகூடப் பார்க்காம எப்படிக் கொண்டு வராங்கன்னு தெரியல."

பரிமளா உதயாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கோணுவதைப் பார்க்கத்தான் அவள் ஆரணியிலிருந்து வந்திருக்கிறாள்.

அது கோணவில்லை. "இருக்கு சார். நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் உதயா. "வியாழன் வாசலைத் தாண்டினவன் முழுசா இந்தப் பக்கம் திரும்பி வர மாட்டான்னுதானே கதை? பாதி இங்க, பாதி அங்க. அதை வசனமா சொல்றதுக்குப் பதிலா உடம்புலயே காட்டலாம்னு நினைச்சேன். முன்னாடியே சொன்னா வெற்றிச்செல்வன் சார் விட மாட்டாரு."

டைரக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை நடந்தான். இன்னொரு தடவை. லைட்டைக் குறைத்து, கூட்டி, ஓடச் சொல்லி, உட்காரச் சொல்லி. அந்தப் பக்கத்தில் வெற்றிச்செல்வனின் கப்பல் தகடுகளைத் தூக்கித் தூக்கி அடக்கிக்கொண்டிருந்தது; ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் டைரக்டர், "எல்லா வீரனுக்கும் இதே துணி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். பரிமளா குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது, அதுவும் அடுத்தவள் வீட்டுப் பிள்ளையார்.

கப்பலின் பின்பக்கம், சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் உதயாவை வழிமறித்தாள். "நீயா போடச் சொன்ன? வாய் கூசல?"

"உனக்குப் போடும்போது கை கூசிச்சா?"

பரிமளா குரலைத் தாழ்த்தினாள். "தெரியுமா உனக்கு?"

"நான் ஏன் மடிச்சுப் பாக்கலன்னு யோசிச்சியா நீ?" உதயா குரலை உயர்த்தவே இல்லை. "ஆரணித் தண்ணி குடிச்சு வளந்தவ துணியை வாங்கி மடிச்சுப் பாக்காம போவாளா? கையை வெச்சதுமே தெரிஞ்சிடுச்சு. பட்டுல பச்சைச் சாயம் ஏறினா நூலு கொஞ்சம் மொரமொரன்னு இருக்கும். எங்கம்மா கூட உக்காந்து சுத்தின தாரு எத்தனைன்னு உனக்குத் தெரியுமா? உன் மூஞ்சியைப் பாத்தேன், அதுலயும் எழுதியிருந்துச்சு. கார்ல போய்கினே யோசிச்சேன். இவ என்னைக் கெடுக்க ஒண்ணு பண்ணியிருக்கா, இதை வெச்சு அந்தத் தாடிக்காரனை எப்படிக் கெடுக்கறதுன்னு. வழி கெடைச்சுது."

"அது என் வேலை. நான் நெய்ஞ்சது. என் பேரைப் போடு."

"எங்கம்மா உங்க கூடத்துல கண்ணு மங்கற வரைக்கும் தார் சுத்தினா. எந்தப் புடவையில அவ பேரு இருந்துச்சு? போன படத்துத் துணியை நெய்ஞ்சது உன் தறிக்காரங்க. உன் பேரு வரலன்னுதான் அழுதியே தவிர, அவங்க பேரு வரலன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"அவங்களுக்குக் கூலி கொடுத்தேன்."

"நானும் உனக்குக் கொடுத்தேன்" என்றாள் உதயா.

பரிமளா கையை ஓங்கினாள். சவுக்குக் கட்டை இடித்ததால் கை பாதியில் நின்றது. உதயா நகரவில்லை.

"மீதித் துணியை நீ நெய்யலன்னா பக்கத்துத் தெருவுல நெய்வாங்க. ஒரு ஓரத்தைப் பிரிச்சுப் பாத்தா ஆரணியில யாருக்கும் இழைக் கணக்கு புரிஞ்சிடும், உனக்கே தெரியும். நீயே நெய்யி. இந்த வாட்டி உன் பேரு வரும். நான் சொல்றேன், கண்டிப்பா வரும்."

அவர்கள் வெளியே வரும்போது, படம் உருவாகும் விதத்தை எடுக்கிற கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள். மைக்கைப் பரிமளாவிடம் நீட்டி, இந்தத் துணி எப்படிப் பிறந்தது என்று சொல்லுங்கம்மா என்றார்கள். பரிமளா உதயாவைப் பார்த்தாள். உதயா சொன்னபடி நெய்தேன் என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. செய்த துரோகமே ஆனாலும் அது அவளுடையது. அதைக்கூட இவளிடம் கொடுத்துவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

"இவ ஒண்ணும் சொல்லல" என்றாள். "பச்சையே வேணாம்னுதான் சொன்னா. இவளுக்கு வேலை போவணும், நாலு பேரு முன்னால இவ மானம் போவணும்னு நானே திருட்டுத்தனமாப் போட்டேன்."

பிறகு உதயா சிரித்தாள். வகுப்பறையில் தார்க்காரி என்றதும் சிரிப்பாளே, அதே சிரிப்பு. பரிமளாவின் தோளில் கையைப் போட்டு, "எங்க ஸ்கூல்ல இருந்தே இவ இப்படித்தான். வாயைத் தொறந்தா நக்கல்" என்றாள் கேமராவைப் பார்த்து. கேமராக்காரர்கள் சிரித்தார்கள். லைட்மேன்கள் சிரித்தார்கள். டைரக்டர் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பரிமளா, "நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கொசப்பாளையத்தில் பார்க்காத போன் இல்லை. "இன்னா தில்லா கலாய்க்குது பாரு நம்ம பரிமளா" என்றார் ரங்கசாமி. 'பேரு வந்துச்சா' என்ற கேலி நின்றுபோய், தெரு அவளை முதல் தடவையாகப் பிரியமாகப் பார்த்தது. பரிமளா மீதித் துணி முழுவதையும் நெய்து கொடுத்தாள். பக்கத்துத் தெருவுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்குப் பைத்தியமா? நாலுக்கு ஒன்று, நெஞ்சில் ஒன்று விட்டு ஒன்று. ஒவ்வொரு பச்சை இழையிலும் உதயாவைத் திட்டிக்கொண்டே நெய்தாள். துணி அத்தனையும் நன்றாக வந்தது.

படம் வந்ததும் இந்த முறை தெரு அவளை அழைத்துக்கொண்டு போனது. அமாவாசை, தறி லீவு, அதே தியேட்டர். நெஞ்சில் நட்சத்திரம் ஓடுகிற வீரர்கள் திரையில் வரும்போதெல்லாம் விசில் பறந்தது. படம் முடிந்தது. யாரும் அதட்டாமலே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பேர்கள் ஓடின. விண்கலம், கருவிகள்: வெற்றிச்செல்வன். உடை வடிவமைப்பு: உதயா. பரிமளா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வரி வந்தது. நெசவு: தேவகி, பெரணமல்லூர்.

"எந்தத் தேவகி?" என்றார் ரங்கசாமி.

"பரிமளா அப்பா கூடத்துல தார் சுத்திகினு இருந்துச்சே, அதுவா? அது போய்ச் சேந்து எவ்ளோ நாளாச்சு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். பலராமன் மனைவியின் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்தார். அந்தத் தேவகி ஒரு நாளும் தறியில் உட்கார்ந்ததில்லை; பரிமளாவின் அப்பா உட்காரவிட்டதில்லை. அது உதயாவுக்கும் தெரியும்.

பேர்கள் இன்னும் ஓடின. நகராட்சிக்கு நன்றி, தீயணைப்புத் துறைக்கு நன்றி, ஆம்புலன்ஸ்காரர்களுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் கடைசியில், திரை வெள்ளையாவதற்கு முன்னால், ஒரு வரி தனியாக வந்து நின்றது. பள்ளித் தோழி பரிமளாவுக்கு அன்புடன், உதயா.

தியேட்டர் அதிர்ந்தது. கூடத்துத் தறிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரங்கசாமி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "வந்துடுச்சு பரிமளா, உன் பேரு வந்துடுச்சு. தோழின்னு போட்டிருக்குது பாரு அந்தப் பொண்ணு. இன்னா மனசு" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"அவ எனக்குத் தோழி இல்ல" என்றாள் பரிமளா.

அதற்கும் சிரித்தார்கள்.